ஜஸ்டினைப் படிக்கத் தொடங்கும் மகனுக்கு

அன்பு மகன் ஜெபாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துதல். நீ அனுப்பிய கட்டுரைச் சுருக்கத்தை அப்பாவும் நானும் படித்தோம். ஆதித் திருச்சபைக்காக வழக்காடி எழுதியவர்களை இரண்டு அணியாக நிறுத்தியிருக்கிறாய். ஜஸ்டினும் கிளெமென்டும் கிரேக்கத் தத்துவத்துக்கு நண்பர்கள், தத்தியானும் தெர்த்துல்லியனும் பகைவர்கள் என்று. பல பாடப்புத்தகங்களில் இப்படித்தான் இருக்கும். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு மூல நூல்களைத் திறந்தால் சீக்கிரமே முட்டிக்கொள்வாய் தம்பி. நண்பன் என்று நீ எழுதிய கிளெமென்ட்தான் எலூசிஸ், தியோனீசஸ் இரகசியச் சடங்குகளை ஈவிரக்கமில்லாமல் கிழித்துப் போடுகிறார். பகைவன் என்று நீ எழுதிய தத்தியான் கிரேக்கருக்கு எழுதிய உரையின் ஐந்தாம் அதிகாரத்தில் லோகோஸை, அதாவது தேவனுடைய வார்த்தையை, பற்றிப் பேசும்போது கையாள்வதெல்லாம் தத்துவப் பள்ளிகளின் சொற்கள்தான்.

கோடு வேறு இடத்தில் ஓடுகிறது. தத்துவம் என்பது ஒன்று, கோயில் வழிபாடு என்பது இன்னொன்று. முதலாவதை இவர்கள் எல்லாரும், வைதுகொண்டாவது, எடுத்துக் கையாண்டார்கள். இரண்டாவதில் ஒரு சிட்டிகைத் தூபத்துக்குக்கூட ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. உன் கட்டுரையை இந்த இடத்திலிருந்து தொடங்கு.

அதற்கு முதலில் வழக்கு என்ன என்று தெரிய வேண்டும். பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி, கி.பி. 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தையும் டிராஜனின் பதிலையும் படி. இரண்டும் சேர்ந்து இரண்டு மூன்று பக்கம்தான். கிறிஸ்தவன் இல்லை என்று மறுப்பவன் தெய்வங்களை அழைக்க வேண்டும், பேரரசரின் உருவத்துக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைக்க வேண்டும், கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். இவ்வளவுதான் சோதனை. டிராஜன் சொன்ன பதில்: அவர்களைத் தேடிப் போகாதே, பிடித்துக் கொண்டுவந்து குற்றம் உறுதியானால் தண்டி. 197-இல் கார்த்தேஜில் எழுதிய தெர்த்துல்லியன் இந்தப் பதிலைத்தான் தன் அப்பாலஜி என்ற தற்காப்பு நூலின் இரண்டாம் அதிகாரத்தில் பிடித்து உலுக்குகிறார். குற்றவாளி என்றால் ஏன் தேடக் கூடாது? குற்றமில்லை என்றால் ஏன் தண்டிக்கிறாய்?

ஆக, இந்த நூல்களில் பல மனுக்கள். ஜஸ்டினின் முதல் அப்பாலஜி கி.பி. 155 வாக்கில் பேரரசர் அந்தோனினஸ் பியஸுக்கும், பின்னால் மார்க்கஸ் அரேலியஸ் என்று பேர் பெற்ற அவருடைய தத்துப்பிள்ளைக்கும், லூசியஸுக்கும், செனட்டுக்கும், ரோம மக்களுக்கும் எழுதப்பட்டது. இரண்டாம் அப்பாலஜியின் கடைசியில், இந்த மனுவில் உங்கள் குறிப்பை எழுதி வெளியிடுங்கள் என்றே கேட்கிறார். மனு எழுதுகிறவன் நீதிபதிக்குப் பிடித்ததிலிருந்துதான் தொடங்குவான். மார்க்கஸ் தத்துவப் பித்துள்ளவர், அதனால் சாக்ரடீஸ் முன்னால் வருகிறார். இதை மறந்துவிட்டு, ஜஸ்டின் தன் இறையியலை முழுமையாக எழுதி வைத்த நூல் இது என்று படிப்பவர்கள்தான், திரித்துவம் இங்கே தெளிவாக இல்லையே, பாவநிவாரணம் போதவில்லையே என்று குறை சொல்கிறார்கள்.

குற்றச்சாட்டுகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் அத்தெனகோரஸ் என்பவர் கிறிஸ்தவர்களுக்காக எழுதிய மனுவின் மூன்றாம் அதிகாரத்துக்குப் போ. 176, 177 வாக்கில் மார்க்கஸுக்கும் அவர் மகன் கொம்மோதஸுக்கும் எழுதியது. நாத்திகம், நரமாமிசம், தகாத உறவு என்று மூன்று. பின்னிரண்டும் வதந்தி. முதலாவது மட்டும் ஒரு வகையில் உண்மை, அதனால்தான் அதற்கே அதிக அதிகாரங்கள் செலவாகின்றன. ஊருக்கு மழை, அறுவடை, படைக்கு வெற்றி எல்லாம் தெய்வங்களுக்கும் ஊருக்கும் உள்ள உடன்படிக்கை என்று நம்பிய சமூகத்தில், பலியிட மறுப்பவன் அயலானின் வயலையும் ஆபத்தில் தள்ளுகிறான். ஜஸ்டின் முதல் அப்பாலஜியின் ஆறாம் அதிகாரத்தில் நேராகவே ஒத்துக்கொள்கிறார்: இப்படிப்பட்ட தெய்வங்களைப் பொறுத்தவரை நாங்கள் நாத்திகர்தான், மெய்யான தேவனைப் பொறுத்தவரை இல்லை.

இங்கேதான் தத்துவம் துணைக்கு வருகிறது. ஹோமரின் தெய்வங்கள் திருடுவதையும் விபசாரம் செய்வதையும் முதலில் கண்டித்தது கிறிஸ்தவர்கள் இல்லை. கிரேக்கத் தத்துவவாதி செனோபனேஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே கண்டித்தார். பிளேட்டோ தன் குடியரசு நூலின் இரண்டாம் பாகத்தில் அந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்றார். நம்மவர்கள் அந்த வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள்: இது தெரிந்தும் ஏன் கும்பிடுகிறீர்கள்? ஓரிகன், கிறிஸ்தவத்தைத் தாக்கி நூல் எழுதிய செல்சஸ் என்ற தத்துவவாதிக்கு எழுதிய மறுப்பின் ஆறாம் புத்தகத்தில் அந்த இடத்தைச் சரியாகத் தொடுகிறார். பரம நன்மையைப் பற்றி அவ்வளவு உயர்வாக எழுதியவர்கள் பிரேயஸ் துறைமுகத்துக்கு இறங்கிப்போய் ஆர்ட்டெமிஸைத் தொழுகிறார்களே என்கிறார். பிளேட்டோவின் குடியரசு தொடங்குவதே அந்தத் திருவிழாவில்தான். செல்சஸின் ஆட்களுக்கு அது எங்கே உறைக்கும் என்று ஓரிகனுக்குத் தெரியும்.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு அது யார் யார் கையில் என்ன ஆகிறது என்று பார்த்தால் உனக்கு விஷயம் பிடிபடும். கட்டுரையின் நடுப்பகுதிக்கு இதையே வைத்துக்கொள் என்பேன். பிளேட்டோவின் திமேயஸ், 28சி. இந்த உலகை உண்டாக்கினவரும் தகப்பனுமானவரைக் கண்டுபிடிப்பது கடினம், கண்டுபிடித்தாலும் எல்லாருக்கும் எடுத்துச் சொல்வது முடியாத காரியம். இதுதான் அங்கே உள்ள கருத்து.

அத்தெனகோரஸ் இதை ஆறாம் அதிகாரத்தில் சாட்சியாக நிறுத்துகிறார்: பிளேட்டோவும் ஒரே கர்த்தாவைச் சொல்கிறார், அவரை நாத்திகர் என்கிறீர்களா? இல்லையே. அப்படியானால் எங்களை ஏன்? இது வக்கீல் வாதம். பிளேட்டோவின் கருத்து சரியா என்று அவர் ஆராயவே இல்லை.

ஜஸ்டின் இரண்டாம் அப்பாலஜி பத்தாம் அதிகாரத்தில் இதையே சாக்ரடீஸ் சொன்னதாகச் சொல்கிறார். அதோடு, பிளேட்டோவிடம் எல்லாருக்கும் சொல்வது முடியாது என்று இருந்தது, ஜஸ்டினிடம் எல்லாருக்கும் சொல்வது பாதுகாப்பில்லை என்று மாறியிருக்கிறது. அந்தக் காலத்துப் பிளேட்டோ பள்ளிக் கையேடான அல்கினூஸின் நூலிலும் கிட்டத்தட்ட இதே வடிவம் இருக்கிறது. அதாவது ஜஸ்டின் திமேயஸைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதவில்லை, வகுப்பில் புழங்கிய வடிவத்தை எழுதுகிறார். அத்தெனகோரஸும் கருத்துத் தொகுப்பு நூல்களிலிருந்து எடுப்பதாகத் தானே சொல்கிறார். இவர்கள் மேற்கோள் காட்டும் கவிஞர் வரி, தத்துவ வரி எதையும் மூலத்தோடு ஒப்பிடாமல் கட்டுரையில் போடாதே. பிறகு ஜஸ்டின் சொல்லும் பதில்: சாக்ரடீஸின் போதனைக்காக உயிரைக் கொடுக்கும் அளவுக்கு ஒருவரும் அவரை நம்பவில்லை, கிறிஸ்துவையோ தத்துவவாதிகள் மட்டுமின்றிக் கைத்தொழிலாளிகளும் படிப்பறியாதவர்களும் நம்பினார்கள்.

தெர்த்துல்லியன் தன் அப்பாலஜியின் 46-ஆம் அதிகாரத்தில் அதே திசையில் இன்னும் முரட்டுத்தனமாகப் போகிறார். எந்தக் கிறிஸ்தவத் தொழிலாளியும் தேவனைக் கண்டுபிடிக்கிறான், எடுத்துக் காட்டவும் செய்கிறான், பிளேட்டோ கடினம் என்று சொன்னாலும் சரி.

இப்போது எதிர்த்தரப்பு. செல்சஸ் இதே வாக்கியத்தைத்தான் கிறிஸ்தவர்கள்மேல் வீசுகிறார். சத்தியத்தின் வழியை எல்லாராலும் நடக்க முடியாது, மாம்சத்தில் கட்டுண்ட உங்களுக்கு இது எட்டாது என்பது அவர் கருத்து. ஏழாம் புத்தகத்தில் ஓரிகன் பதில் சொல்கிறார். வாக்கியம் அருமையானது என்று முதலில் ஒத்துக்கொள்கிறார். ஆனால் ஆதியிலே தேவனிடத்திலிருந்த வார்த்தை மாம்சமானது, எல்லாருக்கும் சொல்ல முடியாது என்று பிளேட்டோ சொன்னது எல்லாரிடமும் போய்ச் சேரும்படியாகவே. மனித சுபாவம் தானாகத் தேடித் தேவனைக் கண்டுகொள்ளாது, தேடப்படுகிறவரே உதவ வேண்டும். அந்தப் பக்கங்களை மெதுவாகப் படி ஐயா. இவ்வளவு காலம் சட்டவாதமாக இருந்த ஒரு மேற்கோள் அங்கே இறையியலாகிறது. இந்த எழுத்துகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

மாணவர்கள் தவறாமல் குழப்பும் ஒன்றைச் சொல்கிறேன். கிரேக்கரிடம் உண்மை எப்படி இருக்கிறது என்பதற்கு ஜஸ்டினிடம் ஒரே விளக்கம் இல்லை, மூன்று இருக்கின்றன. ஒன்று, லோகோஸின் விதை எல்லாருக்குள்ளும் விதைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் அப்பாலஜி 8, 10, 13 அதிகாரங்கள். முதல் அப்பாலஜி 46-இல் லோகோஸோடு வாழ்ந்த சாக்ரடீஸும் ஹெராக்ளீட்டஸும் கிறிஸ்தவர்களே என்று சொல்வதும் இதைச் சேர்ந்தது. இரண்டு, பிளேட்டோ மோசேயிடமிருந்து எடுத்தார் (முதல் அப்பாலஜி 44, 59, 60). மூன்று, கிறிஸ்துவைப் பற்றிய தீர்க்கதரிசனங்களைப் பிசாசுகள் முன்கூட்டியே கேட்டுப் புராணங்களாகப் போலி செய்தன (54). மித்ராஸ் என்ற தெய்வத்தின் சடங்கில் அப்பமும் தண்ணீரும் வைப்பதை 66-இல் பேசுவதும் இந்தக் கணக்கில்தான். முதல் இரண்டும் தத்துவத்துக்கு, மூன்றாவது புராணத்துக்கும் சடங்குக்கும். நான் மேலே சொன்ன கோடு ஜஸ்டினுக்குள்ளேயே ஓடுவதைப் பார்.

மோசேயிடம் எடுத்தார் என்ற வாதம் வரலாற்றில் நிற்காது. பிளேட்டோ இறந்தது கி.மு. 347-இல், நியாயப்பிரமாணம் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டது மூன்றாம் நூற்றாண்டில். ஆனால் அதை எழுதி நகைத்துவிட்டுப் போகாதே. இந்த வாதத்தை அவர்களுக்கு முன்பே அலெக்சாந்திரிய யூதர்கள் கையாண்டார்கள். பழையதுதான் உண்மை, புதியது சந்தேகத்துக்குரியது என்று எல்லாத் தரப்பும் நம்பிய காலம் அது. நேற்று முளைத்த மதம் என்ற ஏச்சுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் அந்தியோகியாவின் தெயோப்பிலு, ஆட்டோலிக்கஸுக்கு எழுதிய மூன்றாம் புத்தகத்தில், சிருஷ்டிப்பு முதல் மார்க்கஸ் அரேலியஸின் மரணம்வரை 5,695 ஆண்டுகள் என்று கூட்டிக் காட்டுகிறார்.

பிழைகளையும் மறைக்காமல் எழுது. முதல் அப்பாலஜி 26-இல், மாயவித்தைக்காரன் சீமோனுக்கு ரோமர்கள் டைபர் ஆற்றில் இரண்டு பாலங்களுக்கு நடுவே சிலை வைத்து, பரிசுத்த தேவனாகிய சீமோனுக்கு என்று இலத்தீனில் பொறித்ததாக ஜஸ்டின் சொல்கிறார். 1574-இல் டைபர் தீவில் ஒரு பீடம் தோண்டியெடுக்கப்பட்டது. அதில் இருந்தது செமோ சங்கஸ் என்ற பழைய சபைன் தெய்வத்தின் பெயர். ஜஸ்டின் கல்வெட்டைத் தப்பாக வாசித்திருக்கிறார் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. தெர்த்துல்லியனும் சபை வரலாறு எழுதிய யூசேபியசும் இதே செய்தியைத் திருப்பிச் சொன்னார்கள்.

தெர்த்துல்லியனின் "ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்" என்ற வாக்கியத்தை நீ முதல் பத்தியிலேயே வைத்திருக்கிறாய். எடுத்துவிடு. அது பேரரசுக்கு எழுதிய அப்பாலஜியில் இல்லை, கள்ளப்போதகர்களுக்கு எதிராகச் சபைக்குள் எழுதிய நூலின் ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே அவர் அடிப்பது தத்துவத்தைக் கலந்து புது உபதேசம் காய்ச்சும் வாலெந்தீனஸ் கூட்டத்தாரை. ஆத்துமாவைப் பற்றி எழுதும்போது அதே மனிதர் ஸ்டோயிக் தத்துவப் பள்ளியாரோடு சேர்ந்து அதற்கு ஒருவகைச் சரீரம் உண்டு என்கிறார், அந்தப் பள்ளியைச் சேர்ந்த செனேக்காவை, அடிக்கடி நம்முடையவராக இருப்பவர் என்றும் சொல்கிறார்.

படிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும். பிளினி, டிராஜன் கடிதங்கள். அப்போஸ்தலர் 17, பவுல் மார்ஸ் மேடையில் கிரேக்கக் கவிஞர் அராட்டஸின் வரியைச் சொல்லும் இடம். பிறகு ஜஸ்டினின் இரண்டு அப்பாலஜிகள், 68 அதிகாரமும் 15 அதிகாரமும். முதல் வாசிப்பில் 30 முதல் 53 வரை உள்ள தீர்க்கதரிசனப் பகுதியை வேகமாகத் தாண்டலாம், 61 முதல் 67 வரை உள்ள ஞானஸ்நானம், திருவிருந்து பகுதியைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு நூல்களும் நமக்குக் கிடைப்பது பாரிஸில் உள்ள 1363-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றை நம்பித்தான். அதனால் பதிப்பாசிரியர்கள் நிறையத் திருத்தியிருக்கிறார்கள். கிரெசென்ஸ் என்ற சினிக் தத்துவவாதியைப் பற்றிய பகுதி பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும், எந்தப் பதிப்பு என்று அடிக்குறிப்பில் எழுது. அப்புறம் அத்தெனகோரஸ், அப்புறம் தெர்த்துல்லியன். ஓரிகனின் எட்டுப் புத்தகங்கள் கடைசியில். செல்சஸின் நூல் தனியாகக் கிடைக்கவில்லை, ஓரிகன் எடுத்துக்காட்டிய துண்டுகளில்தான் உயிரோடிருக்கிறது. ஆகவே செல்சஸ் சொன்னார் என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் ஓரிகனின் புத்தக எண்ணும் அதிகார எண்ணும் வர வேண்டும். ஓரிகன் தொடக்கத்தில் ஒரு முறையில் எழுதி, நடுவில் முறையை மாற்றியதாக முன்னுரையில் சொல்கிறார். முதல் புத்தகத்தின் ஆரம்பம் துண்டு துண்டாக இருப்பது அதனால்தான், உன் புரிதலில் கோளாறு என்று நினைக்காதே.

இவர்களைப்போல் வழக்காடி எழுதிய அரிஸ்டிடஸுக்கும் நேரமிருந்தால் ஒரு மாலை ஒதுக்கு. அவருடைய அப்பாலஜி தொலைந்ததென்றே இருந்து, 1889-இல் சீனாய் மலை மடத்தில் சீரிய மொழியில் கிடைத்தது. அதன்பின்தான் அதன் கிரேக்க வடிவம் பர்லாம், யோசபாத் கதைக்குள் ஒரு பாத்திரத்தின் பேச்சாக ஏற்கெனவே இருந்தது தெரியவந்தது. அந்தக் கதை, இந்தியாவிலிருந்து பல மொழி தாண்டிப் போன புத்தரின் வரலாறுதான். உங்கள் கல்லூரியில் சமயங்களின் வரலாறு எடுப்பவரிடம் இதைக் கேள், சந்தோஷமாகச் சொல்லித்தருவார்.

ஜஸ்டினின் மரணத்தைக் கட்டுரையில் விட்டுவிட்டாய், அதைச் சேர். 165 வாக்கில் அவரையும் தோழர் ஆறு பேரையும் விசாரித்துத் தண்டித்த ரோம நகர அதிபதி ஜூனியஸ் ருஸ்டிக்கஸ், மார்க்கஸ் அரேலியஸுக்கு ஸ்டோயிக் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். தத்துவவாதியின் மேலங்கியோடு திரிந்த ஜஸ்டினிடம் அவர் எந்தப் போதனைகளைக் கற்றாய் என்று கேட்கிறார், எல்லாவற்றையும் கற்க முயன்றேன், கடைசியில் கிறிஸ்தவர்களின் உபதேசத்தை ஏற்றேன் என்று பதில் வருகிறது. அதுவரை ஒரு தத்துவ மாணவரும் ஒரு தத்துவ ஆசிரியரும் பேசுவதுபோலவே போகிறது. தீர்ப்பு, தெய்வங்களுக்குப் பலியிட மறுத்ததற்காக.

திருத்திய சுருக்கத்தை வழிகாட்டிக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அடிக்குறிப்புகளையும் சேர்த்தே அனுப்பு.

அன்புடன்,
அம்மா