நம் பின்னல், தையல் வட்டத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இதன் பிரதி அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேரும்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை மாதம் ஒன்று என்று பன்னிரண்டு முறை நாம் கூடியிருக்க வேண்டும். ஒன்பது முறை கூடினோம். மே மாதம் குன்னூரில் சீசன். சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சிக்கு என்று வந்து இறங்கிய உறவினர்களுக்குச் சமைத்துப் போடவே நேரம் சரியாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நவம்பரில் மழை. டிசம்பரில் இருபது பேருக்கு டீயும் வடையும் சொல்லி வைத்திருந்தேன், வந்தது பொருளாளரும் நானும். இருவரும் ஆளுக்கு நான்கு வடை சாப்பிட்டோம், மீதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். அதைக் கூட்டம் என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை. செலவில் சேர்த்திருக்கிறேன்.

ஜூலையில் சேலைக்குக் குச்சு கட்டும் வகுப்பு நடந்தது. ஆகஸ்டில் லைனிங் வைத்த பிளவுஸ் வெட்டும் வகுப்பு நடந்தது, டார்ட் பிடிப்பதில் தகராறு வந்து சமாதானமானது. மார்க்கெட்டில் கொடுப்பதற்காக மஞ்சப்பை தைத்தோம். தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போடப்பட்டது. பிறந்த குழந்தைகளுக்கு உல்லன் தொப்பி பின்னும் பணி துணைச் செயலாளர் பொறுப்பில் நடந்தது. 140 தொப்பிகள் கொடுக்கப்பட்டன.

பின்னலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஊசி நம்பர். நம் அம்மாக்கள் காலத்திலிருந்து பழைய இங்கிலீஷ் நம்பரில்தான் ஊசி வாங்குகிறோம். அதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். எட்டாம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர், பத்தாம் நம்பர் 3.25, பன்னிரண்டு 2.75. புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை பழைய குறிப்பில் ‘8’ என்று இருந்ததைப் பார்த்து, ஆன்லைனில் 8 மில்லிமீட்டர் ஊசி வாங்கிவிட்டார். வேண்டியதைப் போல இரண்டு மடங்கு தடிமன். முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி, நான்கு அங்குலத்தில் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர் நேராக முதுகுப் பக்கத்தை ஆரம்பித்து, இரண்டு கையும் முடித்துத்தான் நிறுத்தினார். அந்த ஸ்வெட்டரை அவர் கணவர் ஒரு நாள் போட்டுக்கொண்டு வாக்கிங் போனாராம். குளிர் உள்ளே வந்த வழியிலேயே வெளியேயும் போனதாகச் சொன்னார். 1949-இல் தொடங்கிய ஊசி ஆலை கேத்தியில் இருக்கிறது. அங்கே செய்யும் ‘போனி’ பிராண்ட் ஊசி பிறக்கும் மலையில் உட்கார்ந்துகொண்டு நாம் ஊசி நம்பரில் தப்புப் பண்ணலாமா?

அக்டோபரில் நடந்ததுதான் இந்த ஆண்டின் நல்ல கூட்டம். தோடர் மந்து (அவர்கள் குடியிருப்பு) ஒன்றிலிருந்து வந்த ஓர் அம்மா, அவர்கள் போர்த்தும் பூத்துக்குளியில் போடும் பூவேலையைச் செய்து காட்டினார். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்புமாக நூல். வளையம் கிடையாது, துணியில் பென்சில் கோடு கிடையாது. துணியின் இழையை எண்ணியே ஊசி போகிறது. ‘டிசைன் புத்தகம் ஏதாவது இருக்கா?’ என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்த அம்மா பதில் சொல்லாமல் தன் விரலைக் காட்டினார்.

அப்புறம் நாம் போட்ட கிராஸ் ஸ்டிச் வேலைகளை அவரிடம் கொடுத்தோம். ஒவ்வொன்றையும் வாங்கிய உடனே திருப்பிப் பின்பக்கம்தான் பார்த்தார். அவர்கள் வேலையில் நாம் பின்பக்கம் என்று சொல்வதுதான் வெளியே தெரியும் பக்கம், அதனால் அவருக்கு அது இயல்பு. நமக்குத்தான் வியர்த்துவிட்டது. முடிச்சு, வால் நூல், ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவிய இழை எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. ஐந்தாறு துணி பார்த்துவிட்டு மெதுவாகச் சிரித்தார். என் துணியைப் பார்த்தபோது சிரிக்கவில்லை என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன். சிலர் அதே டிசைனில் பை போட்டு நம் வட்டத்தின் பெயரில் விற்கலாம் என்று மறுநாளே கிளம்பினார்கள். தோடர் பூவேலைக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அது அவர்களுடையது, நாம் கற்றுக்கொண்டு வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று சொன்னேன். இதற்காக இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

இனி ரயில் படம். இதைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேசப்படுவதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நம் மலை ரயிலை வட்டத்தின் எல்லாரும் சேர்ந்து கிராஸ் ஸ்டிச்சில் போட்டு, நாம் கூடும் ஹாலில் மாட்ட வேண்டும் என்பது சென்ற பொதுக்குழுவில் கை தூக்கி நிறைவேறிய தீர்மானம். என் சொந்த ஆசை என்று சொல்பவர்கள் அன்று கை தூக்கியவர்கள்தான். படத்தை கிராஃப் தாளில் நானே வரைந்தேன். அகலம் 210 கட்டம், உயரம் 140. பதினான்கு கவுண்ட் அய்டா துணியில் அங்குலத்துக்குப் பதினான்கு தையல், ஆக 15 அங்குலம், 10 அங்குலம். மொத்தம் 29,400 தையல். இதை ஆறு சதுரமாகப் பிரித்து ஆறு பேருக்குக் கொடுத்தேன். ஆளுக்கு 70-க்கு 70, அதாவது 4,900 தையல். மேல் வரிசையில் மூடுபனியும் மலையும் தேயிலைச் சரிவும். கீழ் வரிசையில் இடது ஓரம் இன்ஜின், அடுத்து நீலமும் கிரீமுமாக இரண்டு பெட்டி.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் வீட்டம்மா ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், இங்கே முன்னால் இருக்கிறதே என்று. அவர் சொன்னது சரி. பல்சக்கரப் பாதையில் இன்ஜின் எப்போதும் பள்ளத்தின் பக்கம்தான். அதனால் படத்தில் ரயில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தோம். ஒரு தையல்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எல்லாருக்கும் எழுத்தில் விதி கொடுத்தேன். பதினான்கு கவுண்ட் துணி மட்டும். ஆறு இழையில் இரண்டு இழை மட்டும் பிரித்து எடுக்கவும். 24-ஆம் நம்பர் மொட்டை ஊசி. முடிச்சுப் போடக் கூடாது. ஒவ்வொரு தையலும் ஒரு பெருக்கல் குறி, அதில் மேலே விழும் கால் எப்போதும் இடது கீழிலிருந்து வலது மேலுக்கு. இதில் புரியாதது என்ன இருக்கிறது என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

ஒருவர் கடையில் பதினாறு கவுண்ட் துணிதான் இருந்தது என்று அதையே வாங்கிப் போட்டார். கட்டம் எண்ணிக்கை சரிதான். ஆனால் ஐந்து அங்குலம் வர வேண்டிய இடத்தில் நாலரைக்கும் குறைவாக வந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடைசிப் பெட்டி குழந்தைகள் ரயில். தேயிலைச் சரிவு போட்டவர் மேல் காலை எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டார். நூலின் பளபளப்பு திசை மாறி, ஐந்து பச்சையும் வேறு பச்சையாகத் தெரிந்தன. எதிர் வாக்கில் சீவிய தலை மாதிரி இருந்தது. மலைக்காரர் மூன்று இழை எடுத்ததில் மலை புடைத்துக்கொண்டு நின்றது. மலைதானே என்று அதை விட்டுவிட்டேன். மூடுபனிச் சதுரத்தின் அடியில் கார்டின் சிவப்புக் கொடி கொஞ்சம் வரும். அதைப் போட்டவர் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு அலசினார். சிவப்புச் சாயம் இறங்கி மூடுபனி முழுக்க ரோஜா நிறம். பச்சைத் தண்ணீரில் சாயம் நிற்கும் வரை பத்துத் தடவை அலசியும் முழுசாகப் போகவில்லை. விடியற்காலை ரயில் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

என் பங்கு முதல் பெட்டி. அதை ஆகஸ்டிலேயே முடித்தேன். பிறகு அந்தச் சிறிய பெட்டியை நானே புதுத் துணியில் மறுபடி போட்டேன். ஒரு மாலைக்கு 150 தையல் என்று 33 மாலை. மழைக்காலத்தில் மூன்று மணிக்கே பனி இறங்கிவிடும். டியூப் லைட்டில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். ஒரு ஜன்னலில் ஒரு வரிசை தள்ளிப் போய், இரண்டு மாலை வேலையைப் பிரித்தேன். தேயிலைச் சரிவையும் பிரித்துப் போட்டேன். வலது தோளுக்கு இன்னும் தைலம் தடவுகிறேன். அது வட்டத்தின் செலவில் அல்ல.

ஆறாவது சதுரம் இன்ஜின். அதை எடுத்துக்கொண்ட உறுப்பினர், ‘எனக்கு இன்ஜின்தான் வேணும்’ என்று கேட்டு வாங்கினார். செப்டம்பரில் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் இறங்கினார். பிரசவம் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. குழந்தைக்கு இப்போது ஆறு மாதம், குப்புற விழுகிறதாம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. 208 வளைவும் 16 குகையும் 250 பாலமும் தாண்டிப் போகும் ரயிலால் நம்மிடையே ஆறு வீட்டைத் தாண்ட முடியவில்லையே என்று தலைவர் கேட்டார். என்னைப் பார்த்து ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. இன்ஜின் வளைவுக்குப் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஐந்து சதுரத்தையே மாட்டிவிடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. செயலாளர் என்ற முறையில் அதை நான் ஏற்கவில்லை. ஐந்து சதுரமும் ஒரு தலையணை உறைக்குள் என் வீட்டு பீரோவில் இருக்கின்றன. சட்டம் வாங்கியாகிவிட்டது.

ஒரு தொப்பி ஒரு மாலையில் முடியும், 4,900 தையல் முடியாது. 140 தொப்பிக்கு நேரம் கிடைத்த கைகளுக்கு இதற்கும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

கணக்குக்கு வருகிறேன். வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஏறக்குறைய என்பதில் இருக்கும் சிறு தொகையை நான் கைப்பணத்திலிருந்து போட்டிருக்கிறேன், அதைக் கேட்கப் போவதில்லை. நூல், துணி, சட்டம் வகையில் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகியிருக்கிறது. ரசீதுகள் எல்லாம் பிஸ்கட் டப்பாவில் பொத்தான்களோடு பத்திரமாக உள்ளன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பதிவேட்டில் 34 உறுப்பினர்கள். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். முழுசாகக் கட்டியவர்கள் 19 பேர். கட்டியவர்களில் பலர் வருவதில்லை, வருபவர்களில் பலர் கட்டுவதில்லை. வந்து, கட்டவும் செய்பவர்கள் ஏழு பேர். பெயர் வாசிக்கலாமா என்று பொருளாளர் கேட்டார். வேண்டாம், அவர்களுக்கே தெரியும் என்று சொல்லிவிட்டேன். வட்டத்தின் பதினோராம் நம்பர் ஊசி ஜோடியில் ஒன்று மட்டும் திரும்பி வந்திருக்கிறது. ஒற்றை ஊசியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பதும் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

ஹாலைக் கொடுத்து உதவியவர்களுக்கும், டீ போட்டுக் கொடுத்த அம்மாவுக்கும், தோடர் மந்திலிருந்து வந்த அம்மாவுக்கும், மெஷினைச் சரி செய்தவருக்கும், தலைவர், துணைத் தலைவர், துணைச் செயலாளர், பொருளாளர் அனைவருக்கும் நன்றி. மாலை நேரத்தில் சமையலை எதிர்பார்க்காமல் இருந்த என் கணவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சிதான். இதை நான் மனதாரச் சொல்கிறேன். பதிவேடு, சாவி, பிஸ்கட் டப்பா மூன்றையும் இன்றே கொடுக்கத் தயார். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், அப்போது எல்லாரும் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். யாரும் முன்வராவிட்டால், வேறு வழியில்லை என்பதால், தொடர்வேன். அப்படித் தொடர்ந்தால் சந்தா ஜூன் மாதத்துக்குள் வந்துவிட வேண்டும்.

இன்ஜின் சதுரத்துக்கு மறுபடி துணி வெட்டி, நடுக்கட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். 4,900 தையலைப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 490. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மூன்று மணிக்கு, ஒருவர் போட்டு முடித்ததும் அடுத்தவர் கைக்கு மாறும். துணி இனி யார் வீட்டுக்கும் போகாது. நூலும் ஊசியும் வட்டத்தில் இருக்கின்றன. கண்ணாடி மட்டும் அவரவர் எடுத்து வரவும்.