ஓடைக்கு மேலே ஒரு மரம்

குட்டிம்மா,

போனில் நீ "சாப்பிட்டீங்களாப்பா, தூங்கினீங்களாப்பா" என்று கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்மா" என்றுதான் சொல்லி வந்தேன். எட்டு மாதமாகச் சொன்ன அந்தப் பதில் பொய். கொஞ்ச நாளாகத்தான் அதில் பாதியாவது உண்மை. எப்படி என்று பேச்சில் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

அம்மா போன பிறகு நான் காட்டுப் பக்கம் போக ஆரம்பித்தது அழ ஓர் இடம் தேடித்தான். வீட்டில் அழுதால் யாராவது தண்ணீர் கொண்டு வருகிறார்கள், தோளைத் தட்டுகிறார்கள். காட்டில் தேற்ற ஆள் இல்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அங்கே போனபோதுதான் தெரிந்தது. முதல் சில வாரம் ஒன்றுமே கண்ணில் படவில்லை. தலையைக் குனிந்தபடி போவேன், வருவேன். ஒரு நாள் மழை விட்ட காலையில் பாதை வழுக்கியது. ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. வேர், கல், சருகு, மறுபடி வேர். ஓடையைத் தாண்டி நிமிர்ந்தபோதுதான் உறைத்தது, அவ்வளவு நேரமும் அம்மாவை நினைக்கவே இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. உனக்கும் இப்படி ஆகியிருக்கும். நீ சிரித்துவிட்டுச் சட்டென்று முகத்தை மாற்றிக்கொள்வதை வீடியோ காலில் பார்த்திருக்கிறேன்.

அந்த ஓடைக்கு மேலே ஒரு பெரிய மரம். என்றைக்கோ கிளை முறிந்த இடத்தில், ஆள் உயரத்தில், உதடு போலத் திரண்ட தழும்பு. தினமும் அதில் கை வைத்துவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. அது எப்படி ஆறியிருக்கும் என்று தேடிப் படித்தேன். ஆறவே இல்லையாம். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து உள்ளே பார்த்தவர். நமக்கு வெட்டுப்பட்டால் அந்த இடத்திலேயே புதுச் சதை வளரும். மரத்தால் அது முடியாது. காயம்பட்ட கட்டை அப்படியேதான் கிடக்கும். அழுகல் பரவாதபடி மரம் அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பிக்கொண்டு, அதற்குப் பின் வளர்வதையெல்லாம் வெளிப்புறமாக அடுக்குகிறது. எத்தனை வருடம் போனாலும் காயம் உள்ளே அதே இடத்தில் இருக்கும்.

படித்ததும் அழுதேன், ஆனால் ஆறுதலாக இருந்தது. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஆறவே வேண்டாம் என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆறிவிட்டால் அம்மாவும் போய்விடுவாளே.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அம்மா கடைசியாகப் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு எதிரே வெறும் சுவர். 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பிறகுதான் பார்த்தேன். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அம்மாவின் நோயை மரம் மாற்றியிருக்காது, தெரியும். ஆனாலும் வேறு அறை கேட்டிருக்கலாம். கொஞ்சம் வானமாவது காட்டியிருக்கலாம். கேட்க எனக்குத் தோன்றவில்லை. இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நீ அம்மா பேச்சை எடுப்பதில்லை. அப்பா உடைந்துபோவார் என்று பயப்படுகிறாய். எடும்மா. என்னோடு நடந்துகொண்டே எடு. அம்மாவுக்கு எதற்கெல்லாம் கோபம் வரும், எந்தப் பாட்டை எப்போதும் தப்பாகப் பாடுவாள், எல்லாம் பேசுவோம். இரண்டு பேருமே பேசாமல் நடந்தாலும் சரிதான்.

விடுமுறைக்கு வரும்போது வழுக்காத ஷூ ஒன்று எடுத்து வா. ஓடையில் நான் முன்னால் போகிறேன். எந்தக் கல் ஆடும் என்று எனக்குத் தெரியும்.

அப்பா