எல்லாம் நார்மல் என்றால், அன்று நடந்தது என்ன?

அன்புள்ள மகளுக்கு,

"இ.சி.ஜி. நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல். அப்புறம் எதுக்குப்பா சாகப்போற மாதிரி இருந்தது?" என்று போனில் கேட்டாய். வாயால் சொன்னால் உளறிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று மீட்டிங்கில் உனக்கு வந்தது 'பேனிக் அட்டாக்', அதாவது திடீரென்று பொங்கி வரும் பீதி. டாக்டர் 'ஒன்றுமில்லை' என்றது உன் இதயத்தைப் பற்றி. அன்று உன் உடம்பில் எதுவுமே நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. நிறையவே நடந்தது. மூளைக்குள் அமிக்டலா என்றொரு சிறிய பகுதி ஆபத்தை மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நாம் யோசித்து முடிப்பதற்குள் அது எச்சரிக்கை கொடுத்துவிடும். உடனே சிறுநீரகங்களுக்கு மேல் இருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டும். இதயம் வேகமெடுக்கும், ரத்தம் தொடைக்கும் தோளுக்கும் ஓடும். அதனால்தான் விரல்கள் சில்லிட்டுப் போகின்றன. செரிமானம் தற்காலிகமாக மந்தமாவதால் வயிறு பிசையும், வாய் உலரும். சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடம்பு தயாராகும் விதம் இது என்று வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915இலேயே எழுதிவிட்டார். ஓடுவதற்கான ஏற்பாடு முழுவதும் தயார். நீயோ ஆபீஸ் மீட்டிங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய்! வீட்டு ஆளைப் பார்த்தே குரைக்கிற காவல் நாய் மாதிரிதான். நாய்க்கு நோய் ஒன்றும் இல்லை, ஆளைத்தான் தவறாக எடைபோட்டுவிட்டது.

உன்னை அதிகம் பயமுறுத்தியது உதடும் விரலும் மரத்துப்போனது என்றாய். பக்கவாதமோ என்று நினைத்தாயாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் மூச்சுதான். வேகவேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கொஞ்சம் கூடுகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. தலை சுற்றல், மரமரப்பு, எல்லாம் கனவில் நடப்பது போன்ற உணர்வு, எல்லாம் இதிலிருந்து வரலாம். உடம்பில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் மூச்சு போதவில்லை என்றே தோன்றும். அதனால் இன்னும் வேகமாக இழுப்போம், இன்னும் தலை சுற்றும். ஆகவே அந்த நேரத்தில் ஆழமாக இழுக்க முயலாதே. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கு, அது போதும். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வார்கள். வேண்டாம். உண்மையிலேயே இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருப்பவருக்கு அது ஆபத்து.

மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயம் பலருக்கும் உண்டு. ஆனால் மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போதுதான் வரும். பீதியில் அது வழக்கமாக ஏறத்தான் செய்யும்.

இனி மனம் செய்கிற வேலை. நெஞ்சு படபடக்கிறது, 'ஹார்ட் அட்டாக்' என்று மனம் முடிவுகட்டுகிறது, அந்த முடிவே அடுத்த சுற்று அட்ரினலினை இறக்குகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் இந்தச் சுழலை 1986இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். யாராவது "தைரியமா இரு" என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. அட்ரினலின் தைரியசாலியா கோழையா என்று கேட்டுவிட்டு வருவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட வீரர்களுக்கே, இதயத்தில் கோளாறு தென்படாமல், நெஞ்சு வலியும் படபடப்பும் வந்ததை ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பீதியோடு மல்லுக்கட்டாதே. வந்தால் வரட்டும் என்று விடு. பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்துவிடும்.

எனக்குக் கவலை தருவது அந்த அட்டாக் அல்ல. இப்போதெல்லாம் மீட்டிங்குக்குப் போவதில்லை, லிஃப்டில் ஏறுவதில்லை என்றாயே, அதுதான். ஓர் இடத்தைத் தவிர்த்தால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் அந்த இடம் ஆபத்தானதுதான் என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும். அடுத்தது பஸ், அப்புறம் கடை என்று உலகம் சுருங்கிக்கொண்டே போகும். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. நாற்காலியில் சுழலவிட்டும், நின்ற இடத்தில் ஓடவிட்டும் அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது கொல்லாது என்று உடம்புக்கே கற்றுக்கொடுப்பார்கள் உளவியல் சிகிச்சையாளர்கள். கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கிறது, ஆனால் பலருக்கும் பலன் தருகிறது. மாத்திரை தேவைப்பட்டால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நீயாக நிறுத்திவிடக் கூடாது.

இரண்டு விஷயங்கள். தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தார்களா என்று கேள், இல்லையென்றால் பார்க்கச் சொல். படியேறும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, நினைவு தப்பினாலோ 'பேனிக்தான்' என்று நீயே தீர்மானித்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போ.

காபியைக் கொஞ்சம் குறை. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயே சொன்னால்தான் சரியாக இருக்கும். சிகிச்சையாளரிடம் நேரம் வாங்கியதும் எந்தக் கிழமை என்று எனக்கு ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
அப்பா