எங்களைத் தூக்கிப் போட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன சனிக்கிழமை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நாங்கள் நாலு பேர், 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மல்யுத்தப் பிடிகளில் பன்னிரண்டைச் செய்து காட்டினோம். எலும்பு எதுவும் முறியவில்லை. கைதட்டலும் கிடைத்தது. ஆனால் அதில் பாதிக்கு மேல் சேர வேண்டியவர்கள் அன்று அரங்கிலேயே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஓட் என்பவரின் பாடம். பழைய ஏடுகள் அவரை 'ஓட் யூதர்' என்றே குறிப்பிடுகின்றன. ஆஸ்திரிய இளவரசர்களுக்கு மல்யுத்தம் கற்றுக்கொடுத்தவர். அவர் கைப்பட எழுதியது எதுவும் மிஞ்சவில்லை. பிறர் எழுதிவைத்த பிரதிகள்தான் இருக்கின்றன; அவற்றில் ஒன்று, 1452-இல் எழுதியது, இப்போது ரோமில் இருக்கிறது. அந்தக் கிறுக்கல் எழுத்தை வரிவரியாகப் படித்து, தட்டச்சு செய்து, காசு வாங்காமல் விக்டெனாவர் என்ற பழைய சண்டைக்கலை ஏடுகளுக்கான இணையதளத்தில் போட்டிருக்கிறார்களே, முகம் தெரியாத அந்த அன்பர்களுக்கு முதல் கும்பிடு. நீங்கள் இல்லையென்றால் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம்.

அடுத்தது எங்கள் மாடிவீட்டுப் பாட்டி, ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியை. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலவீனமானவனோடு முந்திக்கொள், சமமானவனோடு கூடவே போ, பலசாலியோடு பிந்தி நில் என்பது ஓட் வகுத்த வழி. முந்தும்போது வேகத்தைக் கவனி, கூடப் போகும்போது சமநிலையைக் கவனி, பிந்தும்போது 'க்னீபுக்'கைக் கவனி என்கிறார். முழங்கால் மடிப்பு என்று அர்த்தம். சரி, நம் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ஐந்து மாதம் தவளை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து பழகினோம். என் ஜோடிக்காரர் 94 கிலோ, நான் 61. ஒவ்வொரு தடவையும் என்னைப் பாயோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு, "மன்னிச்சுக்கோ" என்பார்.

ஒருநாள் பாட்டி தேநீர் ஊற்றிக்கொண்டே அந்த வரியை வாசித்துப் பார்த்துவிட்டு, "இது உன் முழங்கால் இல்லையப்பா, அவனுடையது" என்றார். குனிந்து, தன் முட்டிக்குப் பின்னாலிருக்கும் குழியைத் தட்டியும் காட்டினார். அன்று மாலையே செய்து பார்த்தோம். என் ஜோடிக்காரர் தள்ளிக்கொண்டு வந்தார். நான் எதிர்க்காமல் ஒரு எட்டுப் பின்வாங்கினேன். பாரம் முழுக்க அவருடைய முன்காலில் இறங்கியது. அந்த முட்டியின் பின்குழியைக் கையால் வாரி மேலே இழுத்து, தோளை அவர் நெஞ்சில் சாய்த்தேன். 94 கிலோ மல்லாந்து கிடந்தது! எழுந்ததும், "இன்னொரு தடவை பண்ணு" என்றார். அன்று பதினேழு தடவை விழுந்தார். அந்தப் பதினேழு விழலுக்கும் சேர்த்து அவருக்கு நன்றி. பாட்டி, உங்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

பாய் விரித்த தன் கூடத்தை வியாழன்தோறும் திறந்துவிட்ட ஜூடோ பயிற்சியாளருக்கும் நன்றி. பிடியெல்லாம் அப்புறம் என்று சொல்லி, இரண்டு மாதம் விழுவதற்கு மட்டுமே கற்றுக்கொடுத்தார். எரிச்சலாக இருந்தது, இப்போது புரிகிறது. என் விலா எலும்பைத் தேற்றிய பிசியோதெரபிஸ்டுக்கும், "சண்டை போடவா ஜெர்மனி போனே?" என்று கேட்டுவிட்டு, மறக்காமல் தைலம் அனுப்பிய அம்மாவுக்கும்.

ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் வாலர்ஸ்டைன் ஏடு என்று ஒன்று இருக்கிறது. மல்யுத்தப் படங்கள் நிறைய உண்டு. ஆனால் படம் காட்டுவது ஒரு கணத்தைத்தான். அதற்கு முன் கால் எங்கே இருந்தது என்பதை நாம்தான் விழுந்து கண்டுபிடிக்க வேண்டும். ஓவியர் டியூரர் 1512 வாக்கில் வரைந்த மல்லர் ஜோடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் பல முடிச்சுகள் அவிழ்ந்தன. அந்த ஜோடிகளில் 119-ஐ 1870-லேயே அச்சில் கொண்டுவந்த வாஸ்மன்ஸ்டோர்ஃபுக்கு நன்றி சொல்ல நூற்றைம்பது வருடம் தாமதமாகிவிட்டது.

வாலர்ஸ்டைன் ஏட்டை ஒரு காலத்தில் வைத்திருந்தவர் பவுலுஸ் ஹெக்டர் மைர், இதே ஊரின் பொருளாளர். நகராட்சிப் பணத்தைக் கையாடியதற்காக 1579-இல் தூக்கிலிட்டார்கள். சண்டைக்கலை ஏடுகளைச் சேர்ப்பதிலும் அவர் பணத்தைக் கொட்டியவர். அவருக்கு நன்றி சொல்லலாமா கூடாதா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு. நான் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து 1539-இல் விட்டன்பெர்கில் அச்சான ஆவர்ஸ்வால்டின் மல்யுத்தப் புத்தகத்துக்குப் போகிறோம். 85 பிடிகள், ஓவியர் கிரானாக்கின் பட்டறைப் படங்கள். அதில் குழி மல்யுத்தமும் உண்டு: ஒருவர் சின்னக் குழியில் ஒரு காலை வைத்தபடி நிற்க, மற்றவர் ஒற்றைக்காலில் நொண்டியடித்து மோதுவார். ஜூடோ கூடத்தின் தரையைத் தோண்ட முடியாது, கேட்டுப் பார்த்துவிட்டோம். தோட்டம் வைத்திருப்பவர்கள் யாராவது ஒரு முழ அகலம் இடம் கொடுத்தால் போதும். மண்ணை நாங்களே மூடிவிடுகிறோம்.

அன்புடன்,
வியாழக்கிழமைக் குழுவிலிருந்து 61 கிலோக்காரன்