பழைய கார்ட்டூனை இழுத்துப் பார்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவயதில் ரசித்த கார்ட்டூன்களைப் பெரிய டிவியில் மறுபடி பார்ப்பவர்கள், "அந்த அழகே இல்லை" என்கிறார்கள். குறை பெரும்பாலும் டிவி அமைப்பில்தான். அவை பெரும்பாலும் 4:3 (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) திரைக்கு வரையப்பட்டவை. இன்றைய அகலமான 16:9 திரையை நிரப்ப இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடி, ஜெர்ரியின் வட்டக் காது முட்டையாகிவிடும். 'ஜூம்' வைத்தால் உயரத்தில் கால்வாசி போய்விடும். டாமின் பாதமே தெரியாது. பட அளவை 4:3க்கு மாற்றுங்கள். இருபக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

அதைவிட முக்கியம் 'மோஷன் ஸ்மூத்திங்', அதாவது அசைவு வழுவழுப்பாகத் தெரிய டிவி தானே இடைப்படங்களைச் சேர்க்கும் வசதி. நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடினாலும், பல காட்சிகளில் ஓர் ஓவியம் இரண்டு ஃபிரேமுக்கு நிற்கும். ஆக 12 ஓவியங்கள்தான். இடையில் இல்லாத ஓவியங்களை டிவி தானே இட்டு நிரப்பும்போது விரல் ஓரங்கள் கலங்கும், சட்டென்று விழும் அடியின் வேகம் மழுங்கும். முழுதும் அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸையும் குறையுங்கள், இல்லாவிட்டால் கறுப்புக் கோட்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு படரும்.

தமிழ் டப்பிங்கை வீடியோ கேசட்டில் பதிந்து வைத்திருப்பவர்கள், நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டாம். நாடாவைப் படிக்கும் பிளேயரின் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டும்.

சேனல்களும் பழைய கார்ட்டூன்களை இழுக்காமல் 4:3 அளவிலேயே ஒளிபரப்ப வேண்டும்.

- வாசகர், திருச்சி