ஜூலையில் மஞ்சள் சட்டை யாருக்கு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ஹட்டன்
ஜூன் 2025

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் ஜூலையில் சில இரவுகள் எங்கள் சைக்கிள் கடை வழமைபோல ஏழு மணிக்குப் பூட்டாது, பத்து மணி வரை திறந்திருக்கும். ஏன் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். பிரான்சின் பெரிய சைக்கிள் ஓட்டப் போட்டியான டூர் டி பிரான்ஸ் ஜூலை 5ஆம் திகதி சனிக்கிழமை லில் நகரில் தொடங்கி, 27ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் முடிகிறது. அதில் பெரிய மலை ஏறும் நாட்களைக் கடைக்குள் டிவி வைத்து எல்லோருமாகப் பார்க்கப்போகிறோம். யார் யார் ஓடுகிறார்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்தால் நன்றாக இருக்கும். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் போட்டி எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நாளுக்கு ஒன்றாக மொத்தம் 21 கட்டங்கள், 3,300 கிலோமீட்டருக்கும் கூட. 23 அணிகள், அணிக்கு எட்டுப் பேர். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். யாருடைய கூட்டுத்தொகை ஆகக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. தினமும் முதலாவதாக வருபவர்தான் கடைசியில் ஜெயிப்பார் என்றில்லை. சமதரையில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே கூட்டமாக வந்து சேர்வார்கள், எல்லோருக்கும் ஒரே நேரம்தான் எழுதப்படும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறையும், அதனால் பலவீனமானவரும் தப்பிவிடலாம். ஏற்றத்தில் அது நடக்காது. வேகம் குறைந்துவிடுவதால் மறைவு கொஞ்சம்தான் உதவும். உடம்பின் எடையும் காலின் பலமும்தான் மிச்சம். நிமிடக் கணக்கில் இடைவெளி விழுவது அங்கேதான்.

எவ்வளவு பெரிய ஏற்றம் என்று நம்முடைய கணக்கில் பார்ப்போம். கம்பளையில் இருந்து புசல்லாவ, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, ஏறக்குறைய 1,400 மீட்டர் உயர்கிறோம். ஜூலை 22ஆம் திகதி வரும் மோன் வான்டூ மலையும் அதே அளவுதான் உயர்கிறது, ஆனால் 15.7 கிலோமீட்டருக்குள்! அதன் உச்சி 1,910 மீட்டர். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர். ரம்பொடைப் பாதையை மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குச் சுருக்கிவிட்டு, அதை மூன்றாவது வாரத்தில், களைத்த காலோடு ஏறச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடக் கடுமையான நாள் ஜூலை 24. அன்று கிளாண்டோன், மாட்லேன், லோஸ் என்று மூன்று பெரிய கணவாய்கள். ஒரே நாளில் ஏறும் மொத்த உயரம் 5,400 மீட்டருக்கும் மேல். கம்பளையில் இருந்து நுவரெலியாவுக்கு நான்கு தடவை ஏறுவதற்குச் சற்றுக் குறைவு. முடிவுக்கோடு இருக்கும் லோஸ் கணவாயின் உயரம் 2,304 மீட்டர், நம்முடைய பீதுருதலாகலைக்கு இருநூறு மீட்டர் சொச்சம் மட்டுமே குறைவு. இந்த ஆண்டு மஞ்சள் சட்டை யாருக்கு என்பதை இந்த இரண்டு நாட்கள்தான் முடிவு செய்யும் என்பது எங்கள் எண்ணம்.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சர்தான் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார். 2020, 2021, 2024 என்று மூன்று தடவை ஜெயித்தவர். கடந்த ஆண்டு இத்தாலியின் மூன்று வாரப் போட்டியான ஜிரோ, டூர், உலக சம்பியன் பட்டம் மூன்றையும் ஒரே ஆண்டில் எடுத்தார். இந்த வசந்த காலத்தில் பெல்ஜியத்தின் பெரிய ஒருநாள் போட்டிகளான ஃப்ளாண்டர்ஸ், லியேஜ் இரண்டும் அவருக்கே. இம்மாதம் பிரான்சில் நடந்த டோஃபினே போட்டியில், ஒவ்வொருவராகத் தனியே ஓடவிட்டு நேரம் பார்க்கும் தனிநபர் நேர ஓட்டத்தன்று பின்தங்கினார். பிறகு மலை வந்ததும் எல்லோரையும் விட்டுவிட்டுப் போனார். சமதரை, குத்தேற்றம், நீண்ட ஏற்றம், இறக்கம், எதிலும் குறை சொல்ல முடியாத ஆள். எங்களைக் கேட்டால், இவர்தான் ஜெயிப்பார்.

ஆனால் இவரை யாரும் வீழ்த்தியதே இல்லை என்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கின் யோனாஸ் விங்கேகோர் 2022இலும் 2023இலும் வீழ்த்திக் காட்டினார். எப்படி என்று தெரிந்தால்தான் இந்த ஜூலையில் என்ன நடக்கிறது என்று புரியும், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

2022இல் கிரனோன் கணவாய்க்குப் போகும் நாள். விங்கேகோரும் அவருடைய அப்போதைய அணித்தோழர் பிரிமோஷ் ரோக்லிச்சும் கலிபியே மலையில் மாறி மாறிப் பாய்ந்தார்கள். ஒருவர் பாய்வார், பொகாச்சர் துரத்திப் பிடிப்பார். பிடித்த உடனே மற்றவர் பாய்வார். ஒவ்வொரு தடவையும் பொகாச்சர் தானே பதில் சொல்ல வேண்டியிருந்தது, கூட நிற்க ஆள் இல்லை. கடைசி ஏற்றத்தில் அவருடைய கால் நின்றுவிட்டது. அன்றைக்கு மட்டும் மூன்று நிமிடத்துக்குக் கிட்ட இழந்தார், மஞ்சள் சட்டையும் போய்விட்டது. அடுத்த ஆண்டு இதே லோஸ் கணவாயில் ஐந்தே முக்கால் நிமிடம் இழந்தார். தன்னால் இனி முடியாது என்று அவர் வானொலியில் அணிக்குச் சொன்னதை உலகமே கேட்டது. நீண்ட ஏற்றம், அதிக உயரம், நாள் முழுக்கத் தொடர்ந்த அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அவரும் மனிதர்தான். இந்த ஆண்டு பாதையில் அந்த லோஸ் திரும்ப வருகிறது, வேறு பக்கத்தால், 26 கிலோமீட்டர் ஏற்றமாக.

விங்கேகோர் இளவயதில் காலையில் மீன் துறையில் வேலை செய்துவிட்டுப் பிறகு பயிற்சிக்குப் போனவர். அதிகாலையில் கொழுந்துக்கோ தொழிற்சாலைக்கோ போய்விட்டு மாலையில் சைக்கிளை எடுக்கும் நம் தம்பிமாருக்கு இதைச் சொல்ல விரும்புகிறோம். 2024 ஏப்ரலில் பாஸ்க் நாட்டுப் போட்டியில் விழுந்து நுரையீரலில் காயம்பட்டார், விலா எலும்பும் காறை எலும்பும் முறிந்தன. மூன்று மாதத்தில் திரும்பி வந்து டூரில் இரண்டாவதாக முடித்தார். இந்த மார்ச்சிலும் பாரிஸ்–நீஸ் போட்டியில் விழுந்து விலகி, டோஃபினேயில்தான் திரும்ப ஓடினார். அங்கே பொகாச்சருக்கு அடுத்த இடம், வித்தியாசம் ஒரு நிமிடம்கூட இல்லை.

அவருடைய பெரிய பலம் அணி. செப் கஸ், பாரிஸ்–நீஸை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வென்ற மத்தேயோ ஜோர்கென்சன், வவுட் வான் ஆர்ட், சைமன் யேட்ஸ் எல்லோரும் இந்த அணிதான். மே மாதம் ஜிரோவில் அந்த அணி செய்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2018இல் சைமன் யேட்ஸ் முதலிடத்தில் இருந்தபோது ஃபினெஸ்ட்ரே மலையில் எல்லாவற்றையும் இழந்தவர். இந்த முறை அதே மலையில் தனியாகப் பாய்ந்தார். முன்கூட்டியே முன்னால் அனுப்பி வைக்கப்பட்டிருந்த வான் ஆர்ட் மலைக்கு அந்தப் பக்கம் அவருடன் சேர்ந்து, பள்ளத்தாக்கில் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கி இழுத்துப் போனார். பின்னால், அதுவரை முதல் இரண்டு இடத்தில் இருந்த தெல் தோரோவும் கரபாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜிரோ யேட்ஸின் கைக்கு வந்தது. ஜூலையிலும் இதே தந்திரத்தை எதிர்பாருங்கள். மலைக்கு முன்னால் யார் தப்பி ஓடுகிறார்கள் என்று பாருங்கள். அது விங்கேகோரின் ஆளாக இருந்தால், பின்னால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

பொகாச்சருக்கும் இப்போது ஆள் பலம் உண்டு. போர்த்துகலின் ஜோவாவ் அல்மெய்தா இந்த ஆண்டு பாஸ்க், ரொமாண்டி, சுவிஸ் என்று மூன்று ஒரு வாரப் போட்டிகளை வென்றவர். வேறு அணியில் இருந்தால் அவரே தலைவர். ஒரே பாதையில் மற்றவருக்காக உழைக்கவும் வேண்டும், தனக்காக ஓடவும் வேண்டும் என்றால் கஷ்டம்தான். அதனால் மூன்றாவது இடத்துக்கு அவரை நாங்கள் சொல்லவில்லை.

மூன்றாவது இடத்துக்குப் பலர் பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூலைச் சொல்வார்கள். கடந்த ஆண்டு மூன்றாவதாக வந்தவர், பாரிஸ் ஒலிம்பிக்கில் நேர ஓட்டத்திலும் வீதி ஓட்டத்திலும் தங்கம் வென்றவர். ஜூலை 9ஆம் திகதி கான் நகரில் நடக்கும் 33 கிலோமீட்டர் நேர ஓட்டத்தில் அவர்தான் முதலாவதாக வருவார் என்று நம்புகிறோம். ஆனால் டிசம்பரில் பயிற்சியின்போது வாகனக் கதவில் மோதி எலும்பு முறிந்து, ஏப்ரலில்தான் திரும்பினார். டோஃபினேயில் நீண்ட ஏற்றங்களில் பின்தங்கி நான்காவதாக முடித்தார். அங்கே மூன்றாவதாக வந்த ஜெர்மன் இளைஞர் ஃப்ளோரியான் லிபோவிட்ஸ் மீதுதான் எங்கள் கண். சறுக்கிக்கொண்டே துப்பாக்கி சுடும் பனி விளையாட்டில் இருந்து சைக்கிளுக்கு வந்தவர். அவருடைய அணித்தலைவர் ரோக்லிச்சுக்கு வயது 35. ஸ்பெயினின் மூன்று வாரப் போட்டியான வுவெல்டாவை நான்கு தடவை, ஜிரோவை ஒரு தடவை வென்றவர். டூர் மட்டும் கைக்கு வரவில்லை, 2020இல் 57 விநாடி முன்னிலையோடு இருந்து, கடைசிக்கு முந்திய நாள் பொகாச்சரிடம் இழந்தார். அவர் ஜெயிக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது. மேயில் ஜிரோவில் விழுந்து விலகிய பிறகு அது நடக்கும் என்று சொல்ல முடியவில்லை.

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. எரித்திரியாவின் பினியாம் கிர்மாய் கடந்த ஆண்டு மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலாவதாக வருபவருக்குக் கொடுக்கும் பச்சைச் சட்டையை எடுத்தார், ஆபிரிக்காவில் இருந்து அதை எடுத்த முதல் ஆள். அவர் வளர்ந்த அஸ்மாரா நகரம் நுவரெலியாவைவிட உயரத்தில் இருக்கும் மலைநகரம். அங்கே சைக்கிள் ஓட்டம் என்றால் ஊரே தெருவில் நிற்கும். மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்த விளையாட்டில் இடம் இல்லை என்று யாராவது சொன்னால், கிர்மாயின் பெயரைச் சொல்லுங்கள்.

இனி எங்கள் தொழில் சம்பந்தமான ஒரு விளக்கம். ஒவ்வொரு ஜூலையிலும் போட்டியைப் பார்த்துவிட்டு, முன்னால் பெரிய பற்சக்கரம் போட்டுத் தரச் சொல்லித் தம்பிமார் வருகிறார்கள். நாங்கள் போட மறுக்கிறோம், அதனால் சிலருக்குக் கோபம். காரணத்தைச் சொல்கிறோம். பொகாச்சரின் அணி பாவிக்கும் ஷிமானோ தொகுதியில் முன்னால் 54, 40 பல், பின்னால் 11 முதல் 34 பல் வரை போடலாம். டிவியில் கண்ணுக்குப் படுவது அந்த 54 மட்டும்தான். ஏற்றத்தில் அவர்கள் இறங்குவது முன்னால் 40க்கும் பின்னால் 34க்கும். அப்போது பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சில்லு ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கூடத்தான் சுற்றும். கியர் இல்லாத நம் வண்டியில் முன்னால் 44, பின்னால் 18 என்றால், ஒரு சுற்றுக்குச் சில்லு ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. சந்தேகம் இருந்தால் வண்டியைக் கவிழ்த்து வைத்து, பெடலை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, டியூப் வால்வு எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். உலகத்திலேயே பலமான கால் உள்ளவர், ஏழு கிலோ அளவான வண்டியில், நம்மைவிடப் பாதிப் பாரத்தில் மிதித்து ஏறுகிறார். நாம் பதினைந்து கிலோவுக்கு மேற்பட்ட வண்டியில், பின்னால் அரிசி மூட்டையும் வைத்துக்கொண்டு, அதைவிடப் பாரமாக்கினால் முழங்கால்தான் கெடும். பின் சக்கரத்தில் 18ஐ எடுத்துவிட்டு 22 பல் போட்டுத் தருகிறோம். கொட்டகலை ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும்.

டிவியிலும் இதையே பாருங்கள். முகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், முழங்காலைப் பாருங்கள். ஆசனத்தில் அமர்ந்தபடி வேகமாகச் சுற்றிக்கொண்டு போகிறவர் நன்றாக இருக்கிறார். எழுந்து எழுந்து தோளை ஆட்டி மிதிக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுவார். அப்புறம், அவர்கள் எத்தனை தடவை சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சாப்பிடுகிறார்கள் என்றும் கவனியுங்கள். மணிக்கு நூறு கிராம் அளவில் மாவுச்சத்து உள்ளே போகிறது. பசி வந்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். வெறும் பிளேன்டீயோடு மஸ்கெலியா வரை போகிறவர்கள் ஒரு ரொட்டியாவது சுருட்டி எடுத்துப் போங்கள்.

கடை திறந்திருக்கும் இரவுகள்: ஜூலை 17 ஒத்தகாம் மலை, ஜூலை 18 பெய்ரகூட் ஏற்ற நேர ஓட்டம், ஜூலை 22 மோன் வான்டூ, ஜூலை 24 லோஸ். அங்கே மாலையில் முடிவது நமக்கு இரவு ஒன்பது மணி வாக்கில் வரும். கடைசி ஏற்றத்தைத் தவறவிடக்கூடாது என்றால் எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த நேரத்தில் பஸ் கிடைக்காது. பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வரட்டும். நாலைந்து பேர் சேர்ந்தால் ஆட்டோவுக்குச் சொல்லி வைக்கிறோம், முதல் நாளே சொல்லுங்கள். சைக்கிளில் வருகிறவர்கள் விளக்கு இல்லாமல் வர வேண்டாம். மழைக்காலம், மூடுபனியும் இருக்கும். ஜூலை முழுக்க பிரேக் கட்டையும் கம்பியும் பார்த்துச் சரிசெய்து தருவதற்குக் கூலி எடுக்கமாட்டோம், கட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் விலை மட்டும்.

கதிரை போதாது. முடிந்தவர்கள் ஒரு ஸ்டூலைக் கையோடு கொண்டு வாருங்கள். தேநீர் எங்கள் செலவு.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடையினர்