ஆண்டறிக்கை: உருமாறும் போர் விமானங்களும் ஒரு பழுது ஏடும்

தலைவர் அவர்களுக்கும், பழைய வண்ணாரப்பேட்டை மாடி அறையில் கூடியிருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். விமானமாகவும் ரோபோவாகவும் உருமாறும் பொம்மைகளைச் சேகரிக்கும் நம் சங்கத்தின் இந்த ஆண்டு அறிக்கையைச் செயலாளராகப் படிக்கிறேன்.

மாதக் கூட்டம் வழக்கம்போல இரண்டாவது ஞாயிறன்று நடந்தது. மழைக்காலத்தில் கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்ணீர் நின்றதால் ஒரு கூட்டத்தைத் தள்ளிவைத்தோம். கொடுங்கையூரிலிருந்து ஒரு அம்மாவும் மகனும், திருவொற்றியூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவரும் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய வேலை என்றால் பழுது ஏடுதான். ஒரு நீள நோட்டு வாங்கி, யார் பொம்மையில் என்ன குறை இருந்தது, பெட்டியைத் திறந்தபோதே இருந்ததா, நம் கையில் வந்ததா, எப்படிச் சரிசெய்தோம் என்று எழுத ஆரம்பித்தோம். அதற்குக் காரணம் காலாடிப்பேட்டை உறுப்பினரின் விஎஃப்-1 விமானப் பொம்மை.

புதியவர்களுக்காக அந்த விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1982இல் ஜப்பானில் ஒளிபரப்பான மேக்ரோஸ் என்ற கார்ட்டூன் தொடருக்காக ஷோஜி கவாமோரி வடிவமைத்தது அது. அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட்டைப் பார்த்து வரைந்ததால், இறக்கையை முன்னும் பின்னும் மடக்கலாம். என்ஜின் இரண்டும் கால்களாக இறங்கும். விமானத்துக்குக் கையும் காலும் மட்டும் முளைத்த கெர்வாக் என்ற நடுநிலையும் உண்டு. கதைப்படி அதன் நீளம் 14.23 மீட்டர். 1/60 அளவில் செய்தால் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் வரும். அந்த 24 சென்டிமீட்டருக்குள் மூன்று உருவங்களையும் அடக்க வேண்டும் என்பதால், தோள், இடுப்பு, முழங்கால் எல்லாமே மெல்லிய பிளாஸ்டிக் சுவருக்குள் இரும்புப் பின் செருகிய மூட்டுகள்தான். அழகும் அங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

காலாடிப்பேட்டைக்காரர் எட்டு மாதம் சீட்டுக் கட்டி வாங்கிய பொம்மையை நம் அறையில்தான் பிரித்தார். எல்லோரும் சுற்றி நின்றோம். கால் இறங்கியது, மூக்கு மடங்கியது. வலது தோளை வெளியே இழுத்தபோது 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பின் துளையைச் சுற்றி முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அவர் எதுவும் பேசாமல் பொம்மையைத் துணிமேல் வைத்தார். அடுத்த வாரம் அந்தக் கோடு விரிசலாகிவிட்டது.

மணலியில் பிளாஸ்டிக் மோல்டிங் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் அன்று சொன்னதை எல்லோருக்குமாக இங்கே பதிவு செய்கிறேன். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாயும்போது, துளை வரவேண்டிய இடத்தில் இரண்டாகப் பிரிந்து, சுற்றிப் போய், மறுபக்கம் மறுபடி ஒட்டுகிறது. ஒட்டும்போது சூடு போதாவிட்டால் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தையல் ஒன்று விழும். துளையிலேயே பலம் குறைந்த இடம் அதுதான். அதில் கொஞ்சம் தடிமனான பின்னை அடித்து இறக்கினால், அந்தச் சுவர் நாள் முழுக்க விரிந்த நிலையிலேயே நிற்கும். ஒரு நாள் தாங்கும், ஒரு வருடம்கூடத் தாங்கும், பிறகு பிளக்கும். "அவன் முறுக்கினதால உடையல அண்ணே, பெட்டிக்குள்ள இருக்கும்போதே அது பாதி உடைஞ்சதுதான்" என்றார் அவர். அதைக் கேட்ட பிறகுதான் காலாடிப்பேட்டைக்காரர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

சரி, இனி என்ன செய்வது? திருப்பி அனுப்ப வழியில்லை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் இங்கே விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். இவ்வளவையும் தாண்டி ஒரு பொம்மை வந்து சேர்வதே பெரிய காரியம். அதைத் திரும்ப அனுப்பி மாற்று வாங்குவது நம்மில் ஒருவராலும் முடிந்ததில்லை.

வழி சொன்னவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர். "உலக்கை பிளக்காம இருக்க என்ன போடுவோம்? பூண்தானே?" என்றார். வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் பித்தளைக் கம்பியைக் கடைந்து மோதிரம் போல மெல்லிய பூண் இரண்டு செய்து வாங்கினோம். பின்னின் ஒரு முனையில் பல் வெட்டியிருக்கும். பல் இல்லாத முனையில் தட்டினால்தான் சுவரைக் கிழிக்காமல் வெளியே வரும். அப்படிக் கழற்றி, விரிசலில் சூப்பர் க்ளூ விட்டு, தோள் குமிழின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துப் பூணை ஏற்றினோம். துளையையும் லேசாக அகலப்படுத்திய பிறகே பின்னைத் திரும்ப இறக்கினோம். இன்னும் உடையாத இடது தோளுக்கும் அன்றே பூண் போட்டாயிற்று. ஐந்து மாதமாக அந்த விஎஃப்-1 நம் மேசையில் பல தடவை உருமாறிவிட்டது. பக்கத்தில் பார்த்தால் தோளில் பித்தளை மின்னும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

என் தவறு ஒன்றையும் ஏட்டில் எழுதியிருக்கிறேன். இறுகலாக இருந்த ஒரு இடுப்பு மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். மூட்டு சுலபமாகத் திரும்பியது. மூன்றாம் நாள் அந்த இடம் சிலந்தி வலை போல வெடித்துக் கிடந்தது. ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக்கில் இப்படிப்பட்ட எண்ணெய் பட்டால் விரிசல் வேகமாக ஓடும். இறுகிய மூட்டுக்குச் சிலிகான் எண்ணெய் மட்டும், அதுவும் ஒரு சொட்டு. தயவுசெய்து வேறெதையும் தொடாதீர்கள். தொளதொளத்த மூட்டுக்கு நிறமில்லாத நகப்பூச்சை ஒரு பூச்சு கொடுத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டினால் போதும்.

கொடுங்கையூர்ப் பையனின் ஜெட்டில் இரண்டு பக்கமும் இடது கையே மாட்டியிருந்தது. கட்டைவிரல் இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கடைக்காரர் மாற்றித் தரவில்லை. நம் உதிரிப்பாகப் பெட்டியில், கால் போன அதே ரக ஜெட் ஒன்று கிடந்தது. அதிலிருந்து வலது கையைக் கழற்றிக் கொடுத்தோம். மாட்டி முடித்ததும் பையன் மீதி இடது கையைத் திருப்பி நீட்டி, "இதையும் பெட்டில போடுங்க தாத்தா, வேற யாருக்காவது ரெண்டு வலது கை வந்திருக்கும்" என்றான். போட்டு வைத்திருக்கிறோம்.

காசிமேடு, ராயபுரம் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடல் காற்றின் உப்பு இரும்புப் பின்னைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஊதினால் பிளாஸ்டிக் பிளக்கும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் அவசியம். ஜெல்லைச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இந்த ஆண்டு நாம் கையில் எடுத்ததில் மிகப் பழையது 1985ஆம் ஆண்டின் ஜெட்ஃபயர் என்ற பொம்மை. ராயபுரத்து உறுப்பினரின் அப்பா கப்பல் வேலையிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. தகடோகு நிறுவனம் விஎஃப்-1க்காகச் செய்த 1/55 அளவு அச்சுதான், அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வழியாக டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பெயரில் வந்தது. நாற்பது வருடத்தில் வெள்ளை, டீக்கறை நிறமாகியிருந்தது. ஸ்டிக்கர் இல்லாத பாகங்களை மட்டும் கழற்றி, ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்து மொட்டை மாடி வெயிலில் வைத்தோம். கையுறை போட்டுத்தான் செய்ய வேண்டும். நல்ல வெள்ளை திரும்பியது, ஆனால் சில வருடங்களில் மறுபடி மஞ்சளாகலாம் என்பதை உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிட்டோம். இறக்கையில் ஒரு பக்கத்தைத் தன் அப்பா வைத்திருந்தபடியே விட்டுவிடச் சொன்னார் அவர். விட்டுவிட்டோம்.

வருத்தமான விஷயம் ஒன்றும் நடந்தது. ஒட்டிய விரிசலை மறைத்து ஓர் உறுப்பினர் இன்னொருவருக்குப் பொம்மையை விற்றார். செயற்குழு பேசி, பணம் திரும்பியது, இருவரும் இப்போதும் வருகிறார்கள். நான் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தயாரிப்புக் குறை யாருடைய குற்றமும் இல்லாமல் நம் வீட்டுக்கு வரலாம், மறைப்பது நாம் செய்வது. ஆகவே இனி உறுப்பினர்களுக்குள் கைமாறும் ஒவ்வொரு பொம்மையும் பழுது ஏட்டில் பதிவான பிறகே கைமாற வேண்டும் என்ற தீர்மானத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன். புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது படம் எடுப்பது, முதல் உருமாற்றத்தை இன்னொருவர் பக்கத்தில் இருக்கச் செய்வது, மூட்டு எதிர்த்தால் நிறுத்திவிட்டுப் பிசிர் இருக்கிறதா என்று பார்ப்பது, இவையும் அதில் சேரும்.

ஏடு மேசைமேல் இருக்கிறது. இன்று பொம்மை கொண்டுவந்தவர்கள் போவதற்கு முன் எழுதிவிடுங்கள். பூண் கடைவதற்கான பித்தளைக் கம்பி தீர்ந்துவிட்டது. பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் வாங்கி வந்து ரசீதைப் பொருளாளரிடம் கொடுக்கவும்.

நன்றி.

செயலாளர்